கோளாறு கேமராவிலா, வேறெங்கேயாவதா? சேலம் கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

முகூர்த்த மாதங்கள் ஓய்ந்து கையில் கொஞ்சம் காசு நிற்கும்போது வீடியோக்காரர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கேமராவை மாற்றலாமா என்பதில்தான் வந்து நிற்கும். கோளாறு கேமராவில் இருந்தால் தாராளமாக மாற்றலாம். ஷட்டரிலோ, கார்டிலோ, காப்பி எடுத்த விதத்திலோ இருந்தால், லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய புதுக் கேமராவோடும் அது கூடவே வரும். அதனால் இங்கே மாடல் பட்டியல் கிடையாது. படத்தில் என்ன தெரிகிறது, அது எதனால், எதை இருக்கிற கேமராவிலேயே சரி செய்யலாம், எதற்கு நிஜமாகவே வேறு கேமரா வேண்டும் என்று பார்ப்போம்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

கோளாறு தெரிகிற கிளிப்பைக் கேமராவிலேயே ஓட்டிப் பாருங்கள். குட்டித் திரையை நம்ப வேண்டாம், எச்டிஎம்ஐ கேபிள் போட்டு டிவியில் பாருங்கள். அங்கேயே தெரிந்தால் அது எடுக்கும்போதே நுழைந்தது. அங்கே சுத்தமாக இருந்து கம்ப்யூட்டரில் மட்டும் தெரிந்தால் காப்பியிலோ டைம்லைன் செட்டிங்கிலோ இருக்கிறது. டைம்லைனிலும் சரியாக இருந்து கல்யாண வீட்டார் டிவியில் மட்டும் தெரிந்தால் எக்ஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். கார்டை ஃபார்மேட் செய்துவிட்டால் இந்தச் சோதனைக்கே வழியில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதை ஒரு முறை ஓட்டிப் பார்க்கும் வரையாவது கார்டைத் தொடாதீர்கள்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு இன்னும் நிற்கிறது. 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. அந்தக் காலத்தில் ஃபிலிமைக் கழுவிப் போட்டுப் பார்த்தால்தான் எடுத்தது தேறுமா என்று தெரியும். நமக்கு அரை நிமிட வேலை, ஆனாலும் அந்த அரை நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை.

மங்கலான பட்டை ஊர்கிறது, வெளிச்சம் மினுக்குகிறது

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், 1/100 என்றால் ஒன்று. 1/60ல் ஒன்றரைக்குச் சற்று மேல் விழுவதால் படத்தின் ஒரு பகுதி வெளிச்சமாகவும் இன்னொரு பகுதி மங்கலாகவும் போகிறது. ஆகவே மண்டபத்துக்குள் ஷட்டரை ஆட்டோவில் விடாமல் 1/50ல் பூட்டிவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த கேமரா என்றால் அது 29.97 அல்லது 59.94 ஃப்ரேமில் இருக்கும். மெனுவில் சிஸ்டம் ஃப்ரீக்வென்சி, அல்லது என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க முறை), பால் (PAL, நம் முறை) என்று ஓர் இடம் உண்டு. அதை 50க்கு மாற்றினால் 25, 50 ஃப்ரேம் வரும். சில கேமராக்கள் அதற்குப் பிறகு கார்டை மறுபடி ஃபார்மேட் செய்யச் சொல்லும். சிறிய ஹேண்டிகேம்கள் பலவற்றில் இந்த மாற்றமே கிடையாது. அப்படிப்பட்ட கேமராவை மற்ற கேமராக்களோடு சேர்த்து ஓட்டுவது வீண் தலைவலி. விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

ஷட்டர் 1/50ல் இருந்தும் பட்டை ஊர்கிறதா? கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். லோடு ஏறி இறங்கும்போது அதன் ஹெர்ட்ஸ் 50ஐ விட்டு நகரும். மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி வாலுக்கோ தனக்கென்று ஒரு புதுப்பிப்பு வேகம் உண்டு, 1/50க்கு அது மசியாது. இரண்டுக்கும் மருந்து க்ளியர் ஸ்கேன். சோனி கேமராக்களில் இதை ஈசிஎஸ் என்பார்கள். ஷட்டரை மிகச் சிறிய படிகளில் நகர்த்தி, பட்டை நிற்கும் இடத்தில் விட்டுவிட வேண்டும். உங்கள் வரவேற்பு நிகழ்ச்சிகள் எல்லாமே எல்இடி வால் மேடைகள் என்றால், புதுக் கேமராவில் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்இடி பார் லைட் மட்டும் மினுக்கினால் லைட்காரரிடம் டிம்மரை முழுக்க ஏற்றச் சொல்லி, நீங்கள் ஐரிஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். டிம்மர் குறையக் குறையத்தான் மினுக்கல் அதிகம்.

தாலி கட்டும்போது பாதிப் படம் மட்டும் வெளுத்துப் போகிறது

ஸ்டில்ஸ்காரரின் ஃப்ளாஷ்தான் காரணம். இன்றைய சிமாஸ் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. ஃப்ளாஷ் எரிவதோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் எந்த வரிகள் வெளிச்சத்துக்குத் திறந்திருந்தனவோ அவை மட்டும் வெளுக்கும். ஒரு ஃப்ரேமின் கீழ்ப்பாதியும் அடுத்த ஃப்ரேமின் மேல்பாதியும் வெள்ளையாவது இப்படித்தான். பழைய மூன்று சிசிடி கேமராக்களில் படம் முழுவதும் ஒன்றாக வெளுத்து அடங்கும். பார்ப்பவருக்கு அது ஃப்ளாஷ் போலவே இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஷட்டரை எப்படித் திருகினாலும் இது முழுதாகப் போகாது. சில பானாசோனிக் கேம்கார்டர்களில் ஃப்ளாஷ் பேண்ட் காம்பன்சேஷன் என்றே ஒரு வசதி உண்டு. குளோபல் ஷட்டர் கேமராவில் இந்தப் பிரச்சினையே இல்லை, ஆனால் விலை வேறு உயரத்தில் இருக்கிறது. இதற்காக மட்டும் கேமரா மாற்றுவது வீண் செலவு என்பது என் கருத்து. எடிட்டிங்கில் கெட்ட ஃப்ரேமை வெட்டிவிட்டு அதற்கு முந்தைய ஃப்ரேமை அந்த இடத்தில் நிரப்புங்கள். ஓடும்போது யார் கண்ணிலும் படாது. தாலி கட்டும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் செய்தாலே போதும்.

அட்சதை விழும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது

பலர் இதை ஃபோகஸ் கோளாறு என்று நினைக்கிறார்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, நாலாபுறமும் அரிசியும் பூவும் பறக்கின்றன, ஓமப் புகை மேலே சுழல்கிறது. படத்தை அங்கே நிறுத்திப் பாருங்கள். மணமகளின் முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக இருக்கும், சேலையின் ஜரிகை கலங்கியிருக்கும், அரிசி மணிகள் சாம்பல் நிற அழுக்குப் போலத் தெரியும். நாலு நொடி கழித்து அட்சதை அடங்கியதும் படம் தானாகத் தெளிந்துவிடும். ஃபோகஸ் இப்படிப் போய்த் திரும்பாது. இது கோடெக், அதாவது படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை, திணறுகிற அடையாளம்.

ஏவிசிஎச்டி போன்ற முறைகள் ஒரு முழுப் படத்தைச் சேமித்துவிட்டு, அடுத்தடுத்த ஃப்ரேம்களில் மாறியதை மட்டும் குறித்துவைக்கின்றன. மணவறையில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கும் வரை இது அருமையான சிக்கனம். அட்சதை விழும் கணத்தில் ஃப்ரேம் முழுக்க எல்லாமே மாறுகிறது. நொடிக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய தகவல் அளவுக்குள், அதாவது பிட்ரேட்டுக்குள், அத்தனையும் அடங்காது.

முதலில் மெனுவைப் பாருங்கள். கார்டு நிறைய நேரம் வரட்டும் என்று யாராவது 9 அல்லது 17 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) தரத்தில் வைத்திருப்பார்கள். ஏவிசிஎச்டியில் 24தான் வழக்கமான உச்சம், நொடிக்கு 50 முழு ஃப்ரேமாக (ப்ரோக்ரெசிவ்) எடுத்தால் 28. அடுத்தது கெயின், அதாவது இருட்டில் சிக்னலைப் பெருக்கிப் படத்தை வெளிச்சமாக்குவது. 18 டிபி கெயினில் வரும் புள்ளி இரைச்சலையும் கோடெக் அசைவு என்றே எண்ணிப் பிட்டைச் செலவழிக்கிறது. விடியற்காலை முகூர்த்தத்தில் ஒரு லைட் கூட்டி, கெயினை 6க்குக் கொண்டு வந்தாலே பாதி உடைசல் குறைந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால், சரி, இது கேமரா மாற்ற நியாயமான காரணம். எச்டி படப்பிடிப்புக்கு ஒளிபரப்பு நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கும் கீழ்வரம்பு 4:2:2 நிறத்தில் 50 எம்பிபிஎஸ். ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் இன்ட்ரா முறை என்றால் 100. கடையில் மெகாபிக்சலைக் கேட்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள். 4:2:2 ஏன் என்று அரக்குச் சேலையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். நிறத் தகவல் அதில் பாதியே உள்ள 4:2:0வில் சிவப்பின் விளிம்பு படிபடியாகக் கிழிந்திருக்கும்.

பணம் இப்போது இல்லையா? கேமராவின் எச்டிஎம்ஐ அவுட்டில் தகவல் எழுத்துகள் இல்லாத சுத்தமான படம் வந்தால், வெளி ரெக்கார்டர் ஒன்றை மாட்டி ப்ரோரெஸ் 422ல் பதிவு செய்யலாம். 1080, 25 ஃப்ரேமில் அது ஏறக்குறைய 122 எம்பிபிஎஸ். கேமராவின் உள் கோடெக் வழியில் குறுக்கே வராததால் அட்சதை அட்சதையாகவே பதியும்.

இடக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 24 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் 11 ஜிபிக்குள் முடியும், 50ல் 22.5 ஜிபி, 100ல் 45 ஜிபி. முந்தின நாள் நிச்சயதார்த்தம் தொடங்கி மறுநாள் மதியம் வரை இரண்டு கேமரா ஓடினால் ஹார்டு டிஸ்க் செலவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பேக்கேஜ் விலை சொல்லும்போது இதையும் சேர்க்காதவர்கள்தான் பிறகு கார்டைச் சீக்கிரம் அழித்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏற்காட்டில் எடுத்தது சரியாக வரவில்லை

அவுட்டோர் ஷூட்டுக்கு லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்று மேலே போனால் கோளாறுகள் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். பிரித்துப் பார்க்க வேண்டும்.

வானமும் மூடுபனியும் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரிந்தால் அது 8 பிட்டின் குறை. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், அதிலும் லாக் புரொஃபைலில் (பிறகு நிறம் சேர்ப்பதற்காக வெளிறிய படமாக எடுக்கும் முறை) எடுத்தால் வானத்துக்குக் கிடைப்பது கொஞ்சம். கலர் கிரேடிங்கில் இழுத்தால் அந்தப் படிகள் பிரிந்து தெரியும். 8 பிட் கேமராவில் லாக்கை விட்டுவிட்டுச் சாதாரண புரொஃபைலிலேயே எடுங்கள். 10 பிட்டில் 1024 படிகள் இருப்பதால் லாக் அங்கே பயன்படும். மலை வேலை அடிக்கடி வருகிறதென்றால் 10 பிட்டுக்குக் காசு கொடுப்பது தகும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கிளிப்பைப் பார்த்துவிட்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள், அதில் எந்தக் கேமராவின் வானமும் படிக்கட்டுதான்.

பனி சாம்பலாகவும் முகம் கருப்பாகவும் வந்தால் ஆட்டோ எக்ஸ்போஷர் ஏமாந்திருக்கிறது. வெள்ளைப் பனியை நடுத்தர வெளிச்சத்துக்கு இறக்கப் பார்ப்பது அதன் சுபாவம். மேனுவலுக்கு மாறி ஐரிஸை ஒரு ஸ்டாப் திறங்கள். ஜீப்ராவை (வெளிச்சம் குறித்த அளவைத் தொட்ட இடத்தில் திரையில் வரும் கோடுகள்) முகத்துக்கு 70ல் வை என்பது வெள்ளைக்காரத் தோலை மனதில் வைத்துச் சொன்ன கணக்கு. நம் மாநிறத்துக்கு 50, 60 போதும். மாப்பிள்ளை சேலம் வெண்பட்டு கட்டியிருந்தால் 100 ஜீப்ராவை அந்த வேட்டியில் பாருங்கள், கோடுகள் முழுக்கப் படர்ந்தால் பட்டின் மடிப்பு எதுவும் பதியாது.

ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவது பனியில் சகஜம். பிடிக்க ஒரு விளிம்பு கிடைக்காமல் ஆட்டோஃபோகஸ் தேடுகிறது. காபித் தோட்டத்தில் ஜோடிக்குப் பக்கத்திலேயே ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கும், அதன் பட்டையில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அந்த மரத்துக்கு ஃபோகஸைப் பூட்டிவிட்டு ஜோடியை அதே தூரத்தில் நிறுத்துங்கள்.

லென்ஸுக்குள் ஆவி படிவது வேறு கதை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழே. சுமார் எட்டு டிகிரி வித்தியாசம் வரும். இரவெல்லாம் மேலே குளிர்ந்த கேமராவைக் கீழே இறங்கியதும் பையிலிருந்து எடுத்தால், வெப்பமான காற்றின் ஈரம் அதன் மேல் வந்து உட்காரும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தாலும் இதேதான். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும் வரை பையின் ஜிப்பைத் திறக்காதீர்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட் இருக்கட்டும், கீழே வந்த பிறகும் ஒரு மணி நேரம் மூடியே இருக்கட்டும். இதைத் தொடர்ந்து கவனிக்காமல் விட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பிறகு படம் எப்போதும் லேசாகப் பால் கலந்தது போலத்தான் இருக்கும்.

சத்தம் கிழிகிறது, உறுமுகிறது, விலகுகிறது

நாதஸ்வரமும் தவிலும் மைக்குக்குப் பத்தடியில் இருந்தால் ஆட்டோ லெவல் தாங்காது. மேனுவலில் உச்சம் மைனஸ் 12 டிபியைத் தொடுமாறு வையுங்கள். இரண்டாவது சேனலில் அதே ஒலியை இன்னும் 10 டிபி குறைவாகப் பதிவு செய்தால், கெட்டிமேளத்தில் முதல் சேனல் கிழிந்தாலும் இரண்டாவது காப்பாற்றும். இரண்டு எக்ஸ்எல்ஆர் உள்ளீடும் தனித்தனித் திருகும் உள்ள கேம்கார்டருக்கும் ஸ்டில்ஸ் கேமராவின் ஒற்றை ஓட்டைக்கும் இங்கேதான் வித்தியாசம். படத்தை விட ஒலிக்காகவே கேம்கார்டரை நான் சிபாரிசு செய்வேன்.

மிக்சரிலிருந்து எடுத்த ஒலி மட்டும் கிழிந்தால், லெவலைக் குறைத்தும் பயனில்லை என்றால், கேமராவின் பக்கத்தில் லைன், மைக், மைக் 48வி (மைக்குக்கு மின்சாரம் அனுப்புவது) என்று மூன்று நிலை உள்ள சுவிட்சைப் பாருங்கள். மைக் செட்காரரிடம் கம்பி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்:

“அண்ணா, இது லைனுங்களா, மைக்குங்களா?”

“லைன்தானுங்க தம்பி. 48ஐ மட்டும் போட்டுடாதீங்க.”

லைன் ஒலி மைக் ஒலியை விடப் பல மடங்கு பலமானது. மைக் நிலையில் வைத்தால் உள்ளே நுழையும்போதே நசுங்கிவிடும், பிறகு எந்தத் திருகும் அதை மீட்காது.

இடைவிடாத உறுமல் வந்தால் கேமராவின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் எர்த் வளையம், அதாவது இரண்டு கருவிகளின் எர்த்தும் ஒலிக் கம்பி வழியே சுற்றாக இணைவது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு டிஐ பாக்ஸ் நடுவில் போட்டால் தீரும்.

உதடும் ஒலியும் போகப் போக விலகினால், தனி ரெக்கார்டர் 44.1ல் இல்லாமல் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். இரண்டு கருவியும் 48ல் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு ஃப்ரேம் விலகுவது இயல்பு, நடுவில் ஒரு வெட்டுப் போட்டு நகர்த்திவிடலாம். ஃபோனில் எடுத்ததைச் சேர்த்திருந்தால் அதன் ஃப்ரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். நிலையான 25க்கு மாற்றிய பிறகே டைம்லைனில் போடுங்கள்.

ரெக்கார்டிங் தானாக நிற்கிறது

எப்படி நிற்கிறது என்பதே விடை. சரியாக 29 நிமிடம் 59 நொடியில் நின்றால் அது ஸ்டில்ஸ் கேமராவின் எல்லை. 30 நிமிடத்துக்கு மேல் பதிவு செய்தால் வீடியோ கேமரா என்று ஐரோப்பாவில் முன்பு கூடுதல் சுங்கவரி இருந்ததால் வைத்த வரம்பு அது. புதிய மாடல்கள் பலவற்றில் எடுத்துவிட்டார்கள். வெயில் கொதிக்கும் சித்திரையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரத்தில் நின்று, கேமராவைத் தொட்டால் சுட்டால் காரணம் சூடு. திரையை உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், நிழல் கொடுங்கள். முழு நாள் வேலைக்கு விசிறி உள்ள கேமராதான் சரி.

அசைவு அதிகமான காட்சியில் மட்டும் நின்றால் கார்டு. அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் வாசிக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கு உத்தரவாதம் வி30 போன்ற குறிதான், நொடிக்குக் குறைந்தது 30 எம்பி. கிளாஸ் 10 என்றால் 10 எம்பிதான், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100 எம்பிபிஎஸ் பதிவுக்கே 12.5 எம்பி வேண்டும்.

கிளிப் திறக்கவில்லை, நடுவில் தத்துகிறது

ஏவிசிஎச்டி கார்டில் நீளமான பதிவு பல துண்டுகளாக இருக்கும். எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் இழுத்துப் போட்டால் துண்டுகள் சேரும் இடத்தில் சில ஃப்ரேம் காணாமல் போய்ச் சத்தம் தத்தும். பிரைவேட் ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுத்து, எடிட்டிங் மென்பொருளின் மீடியா பிரவுசர் வழியாகக் கொண்டு வாருங்கள்.

பதிவின் நடுவில் பேட்டரி கழன்றால் எம்பி4 ஃபைல் திறக்காது, அதன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எடுக்காமல் அதே கேமராவில் போடுங்கள், பல கேமராக்கள் தாமே சரி செய்யவா என்று கேட்கும். இல்லையென்றால் அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றைக் காட்டினால் உடைந்ததைக் கட்டித்தரும். இரண்டு கார்டு இடம் உள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு என்று வையுங்கள். ஒன்று நிறைந்தபின் மற்றது என்கிற ரிலே நிலையில் இருந்தால் காப்பு என்று ஒன்று இல்லை.

ஜூம் செய்தால் ஃபோகஸ் போகிறது

நெருங்கி ஃபோகஸ் பிடித்து, அகலத்துக்கு வந்ததும் மங்கினால் கழற்றும் லென்ஸ் உள்ள பெரிய கேமராவில் பேக் ஃபோகஸ் (லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம்) நகர்ந்திருக்கிறது. நட்சத்திரச் சார்ட்டைத் தூரத்தில் வைத்துச் சரி செய்யலாம். ஸ்டில்ஸ் லென்ஸ் என்றால் இது கோளாறே இல்லை, பெரும்பாலும் அவை ஜூமில் ஃபோகஸைப் பிடித்துவைக்கச் செய்யப்பட்டவை அல்ல.

எல்இடி வாலுக்குப் போகும் படம் விட்டு விட்டு வருகிறது

கேமராவிலிருந்து மேடைக்கு நீள எச்டிஎம்ஐ கேபிள் ஓட்டியிருப்பீர்கள். பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் அதற்கு உத்தரவாதம் இல்லை, யாராவது மிதித்தால் பிளக்கும் கழன்றுவிடும். எஸ்டிஐ அவுட் இருந்தால் நல்ல கோஆக்சியல் கேபிளில் எச்டி படம் நூறு மீட்டர் வரை போகும், பிஎன்சி பிளக் திருகிப் பூட்டிக்கொள்ளும். படமே வரவில்லை என்றால் படங்களை மாற்றி அனுப்பும் சுவிட்ச்சர் 1080i50 (இன்டர்லேஸ்) கேட்கிறதா, 1080p50 (ப்ரோக்ரெசிவ்) கேட்கிறதா என்று பார்த்துக் கேமராவை மாற்றுங்கள்.

அசையும் கை கோடு கோடாகக் கிழிகிறது

ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாற்றி மாற்றி எடுக்கும் இன்டர்லேஸ் பதிவைப் ப்ரோக்ரெசிவ் டைம்லைனில் போட்டதன் விளைவு. டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், எச்டிக்கு அப்பர் ஃபீல்டு முதல். அடுத்த தடவை எல்லாக் கேமராவையும் 25 பி அல்லது 50 பியில் வையுங்கள்.

பென்டிரைவ் வீட்டு டிவியில் ஓடவில்லை

எடிட்டிங்கில் அவ்வளவு பாடுபட்டு 10 பிட்டில் வைத்திருந்தாலும், கொடுப்பது எச்.264, 8 பிட், 4:2:0, ஏஏசி ஒலி, எம்பி4 ஆக இருக்கட்டும். பழைய டிவிகள் எச்.265ஐயும் 10 பிட்டையும் திறக்காது. பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் பழைய டிவிக்கு அந்த டிரைவே தெரியாது. 12 எம்பிபிஎஸ்ஸில் 4 ஜிபி என்பது ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அதனால் மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று தனித்தனி ஃபைலாகவே எக்ஸ்போர்ட் செய்து ஃபேட்32ல் கொடுங்கள். முகூர்த்தம் நீண்டால் தாலி கட்டுவதற்கு முன், பின் என்று பிரியுங்கள். அந்த நொடி எந்த ஃபைலின் விளிம்பிலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.